படத்தின் அடியில் ஏறும் இருள்: கமராவின் பிளாஷும் லென்ஸ் ஹூட்டும்

கலியாண வீட்டிலோ சாமத்திய வீட்டிலோ எடுத்த படங்களைக் கணினியில் பெரிதாக்கிப் பார்க்கும்போதுதான் பலருக்கு அது கண்ணில் படுகிறது. முகங்கள் தெளிவாக இருக்கின்றன, நகைகள் மின்னுகின்றன, பின்னால் உள்ள அலங்காரமும் நன்றாகவே விழுந்திருக்கிறது. ஆனால் படத்தின் அடியில், ஏறக்குறைய நடுவில், மேல்நோக்கி வளைந்த ஓர் இருள் நிற்கிறது. முன்னால் வைத்த நிறைகுடம் பாதி மங்கிவிட்டது. சேலையின் கரை எந்த நிறம் என்றே தெரியவில்லை.

இதைக் கண்டதும் கமரா பழுதாகிவிட்டது என்றும், லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடித்துவிட்டது என்றும் பயந்து கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். போக வேண்டியதில்லை. லென்ஸின் முனையில் மாட்டியிருக்கும் ஹூட்டைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் இன்னொரு படம் எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் இருள் போய்விடும். ஹூட்டின் நிழல்தான் அது.

ஹூட் என்பது லென்ஸின் முன்விளிம்பில் பூட்டும் கறுப்பு பிளாஸ்டிக் வளையம். படத்துக்குள் வராத வெளிச்சம் பக்கவாட்டில் இருந்து லென்ஸின் முன்கண்ணாடியில் விழுந்தால், அது உள்ளே இருக்கும் கண்ணாடிகளில் பட்டுத் தெறித்துப் படத்தை வெளிறச் செய்யும். சில வேளைகளில் வட்ட வட்டமான ஒளிப் புள்ளிகளும் தோன்றும். அந்த வெளிச்சத்தை மறிப்பதே ஹூட்டின் வேலை. சுவரிலோ கதவிலோ கமரா இடிபட்டால் கண்ணாடிக்கு முன் அடிவாங்குவதும் ஹூட்தான். யாழ்ப்பாணத்து வெயிலுக்கு ஹூட் அவசியம் என்றே நான் சொல்வேன். பகலில் அதைக் கழற்றவே தேவையில்லை. சிக்கல் தொடங்குவது பிளாஷ் எழும்பும்போது.

கெனன் 1500டி, நிக்கோன் டி3500 போன்ற ஆரம்பநிலைக் கமராக்களில் பிளாஷ் கமராவின் தலையிலேயே மடிந்து கிடக்கிறது. வெளிச்சம் குறைந்தால், தானியங்கி நிலையில், அது கேட்காமலே எழும்பி நிற்கும். வெளிநாட்டில் இருந்து மாமாவோ சித்தப்பாவோ கொண்டுவந்து கொடுத்த கமராவை எடுத்தவுடன் தானியங்கியில் வைத்துத்தான் எல்லோரும் தொடங்குகிறோம். பிளாஷை நாம் கையால் எழுப்பியிருந்தால் ஹூட்டின் நினைவு வரலாம். அது தானாக எழும்புவதால் ஹூட் லென்ஸிலேயே இருந்துவிடுகிறது.

எழும்பி நின்றாலும் இந்தச் சிறிய பிளாஷ் லென்ஸுக்கு மேலே சில சென்ரிமீற்றர் உயரத்தில்தான் இருக்கிறது. லென்ஸோ அதற்குக் கீழே முன்னோக்கி நீண்டு நிற்கிறது. அதன் நுனியில் ஹூட் இன்னும் நீண்டும் அகன்றும் இருக்கிறது. பிளாஷில் இருந்து புறப்படும் ஒளியில் நேராகப் போவது தடையின்றிப் போய்விடும். கீழ்நோக்கிச் சரிந்து, நிற்பவரின் கால்களுக்கும் தரைக்கும் போக வேண்டிய ஒளி ஹூட்டின் மேல்விளிம்பில் முட்டி நின்றுவிடும். அதனால்தான் நிழல் எப்போதும் படத்தின் அடியில் விழுகிறது. கமராவைத் தலைகீழாகப் பிடித்து எடுத்தால் அதே நிழல் படத்தின் மேற்பகுதிக்குப் போகும். நெடுக்காகப் பிடித்தால் பிளாஷ் எந்தப் பக்கம் இருக்கிறதோ அதற்கு எதிர்ப் பக்கத்தில் விழும். மணமகளை முழு உயரத்தில் நெடுக்குப் படமாக எடுத்துவிட்டு, ஒரு பக்கச் சுவர் மட்டும் ஏன் கறுத்தது என்று யோசிப்பவர்களுக்கு விடை இதுதான்.

ஒரு கையகல ஹூட்டின் நிழல் எப்படி இத்தனை பெரிதாகிறது? குத்துவிளக்குச் சுடருக்குப் பக்கத்தில் கையை நீட்டினால் சுவரில் கையின் நிழல் ஆளுயரத்துக்கு விரியும் அல்லவா, அதே கணக்குத்தான். பிளாஷுக்கும் ஹூட்டின் முன்விளிம்புக்கும் இடையே உள்ள தூரம் சுமார் 12 சென்ரிமீற்றர். சுவர் இருப்பதோ இரண்டரை மீற்றர் தள்ளி. தூரம் இருபது மடங்கு என்றால் நிழலும் ஏறக்குறைய இருபது மடங்கு பெரிதாகும். 9 சென்ரிமீற்றர் அகலமான ஹூட் சுவரில் 180 சென்ரிமீற்றர் அகலத்துக்கு நிழல் வீசும். பிளாஷின் முகப்பும் ஒரு புள்ளி அல்ல, சில சென்ரிமீற்றர் அகலமானது. ஆகவே நிழலின் விளிம்பு கூராக இல்லாமல் பரவலாக மங்கி விழுகிறது. விளிம்பு மங்கியிருப்பதால்தான் அதை ஒரு பொருளின் நிழலாக நம் கண் அடையாளம் காண்பதில்லை. ஏதோ அழுக்கு, ஏதோ பழுது என்று மனம் நினைத்துவிடுகிறது.

பூவிதழ் போல வெட்டப்பட்ட ஹூட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். படம் அகலத்தில் கூடியதாகவும் உயரத்தில் குறைந்ததாகவும் இருப்பதால், மேலும் கீழும் உள்ள இதழ்களை நீளமாகவும் இருபக்கத்து இதழ்களைக் குட்டையாகவும் வைக்கிறார்கள். இது வெயிலை மறிக்க மிக நல்ல வடிவம். ஆனால் மிக நீண்ட இதழ் நேராகப் பிளாஷுக்குக் கீழே வந்து நிற்கிறது. இதழ் ஹூட் போட்டால் நிழல் குறையும் என்று எதிர்பார்த்து வாங்குகிறவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

சிறிய கணக்கு ஒன்று

அளவுகளை வைத்துப் பார்த்தால் விடயம் இன்னும் தெளிவாகும். கமராவுக்குக் கமரா, லென்ஸுக்கு லென்ஸ் இவை மாறும். இங்கே உதாரணத்துக்காக ஒரு கமராவை எடுத்துக்கொள்வோம். லென்ஸின் நடுக்கோட்டில் இருந்து பிளாஷ் 9 சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஹூட்டின் மேல்விளிம்பு அதே நடுக்கோட்டில் இருந்து 4.5 சென்ரிமீற்றர் உயரத்தில், பிளாஷுக்கு 12.5 சென்ரிமீற்றர் முன்னால் இருக்கிறது. விளிம்பை உரசிக்கொண்டு போகும் ஒளிக்கதிர் 12.5 சென்ரிமீற்றர் போகும்போது 4.5 சென்ரிமீற்றர் இறங்குகிறது. அப்படியானால் ஒரு மீற்றர் போகும்போது 36 சென்ரிமீற்றர் இறங்கும். அது தொடங்கிய இடமே நடுக்கோட்டுக்கு 9 சென்ரிமீற்றர் மேலே என்பதால், ஒரு மீற்றர் தூரத்தில் கதிர் நடுக்கோட்டுக்கு 27 சென்ரிமீற்றர் கீழே போய்ச் சேர்கிறது. அதற்குக் கீழே பிளாஷின் ஒளி இல்லை.

இந்தக் கமராக்களோடு வழக்கமாக வரும் 18-55 சூம் லென்ஸை அதன் மிக அகலமான நிலையான 18 மில்லிமீற்றரில் வைத்தால், ஒரு மீற்றர் தூரத்தில் படம் நடுக்கோட்டுக்குக் கீழே 41 சென்ரிமீற்றர் வரை பிடிக்கும். ஒளி 27 வரைதான் எட்டுகிறது. மிச்சம் 14 சென்ரிமீற்றர் இருள். படத்தின் மொத்த உயரத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. மூன்று மீற்றர் பின்னுக்குப் போய் எடுத்தால் அது பத்தில் ஒரு பங்காகக் குறையும், ஆனால் போகாது. இந்த உதாரணத்தில் எவ்வளவு தூரம் பின்னுக்குப் போனாலும் 18 மில்லிமீற்றரில் நிழல் முற்றாக மறையாது. ஒளி இறங்கும் சரிவு, படம் பிடிக்கும் கோணத்தைவிடக் குறைவாக இருப்பதே காரணம்.

இனி ஹூட்டைக் கழற்றுவோம். லென்ஸின் நுனி 3.5 சென்ரிமீற்றர் உயரத்தில், 9 சென்ரிமீற்றர் முன்னால் நிற்கிறது. இப்போது கதிர் மீற்றருக்கு 61 சென்ரிமீற்றர் இறங்குகிறது. ஒரு மீற்றரில் அது நடுக்கோட்டுக்கு 52 சென்ரிமீற்றர் கீழே போகும். படத்துக்குத் தேவை 41தான். நிழல் படத்துக்கு வெளியே போய்விட்டது.

ஹூட்டைக் கழற்றாமல் சூமை மாற்றினாலும் நிழலைத் தள்ள முடியும். 28 மில்லிமீற்றரில் அதே ஒரு மீற்றர் தூரத்தில் படம் கீழே 27 சென்ரிமீற்றர் வரைதான் பிடிக்கிறது. நிழலின் விளிம்பு அங்கேதான் தொடங்குகிறது. 35க்கு மேல் போனால் நிழல் படத்துக்குள் வராது. சூம் செய்யும்போது லென்ஸின் நீளமும் கொஞ்சம் மாறும் என்பதால் இந்த எண்களைத் தோராயமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். அகலமாகப் பிடிக்கும் போதுதான் ஆபத்து என்பது மட்டும் எந்தக் கமராவுக்கும் பொருந்தும். குடும்பத்தார் எல்லோரையும் ஒரே படத்துக்குள் அடக்க வேண்டும் என்று 18க்குப் போகும் அந்த நேரத்தில்தான் இந்த நிழலும் உள்ளே வருகிறது.

வேறு இருள்களும் உண்டு

படத்தின் ஓரம் கறுத்திருந்தால் எல்லாமே ஹூட்டின் நிழல் என்று முடிவுகட்ட வேண்டாம். நான்கு மூலைகளும் ஒரே அளவில் மங்கியிருந்தால், பிளாஷ் போடாத படத்திலும் அது இருந்தால், அது லென்ஸின் இயல்பு. மிக அகலமான லென்ஸில் நடு மட்டும் வெளிச்சமாகவும் சுற்றுப்புறம் முழுவதும் இருட்டாகவும் இருந்தால், பிளாஷின் ஒளி அந்த அகலத்துக்குப் பரவவில்லை. வெளிப் பிளாஷ் போட்டு, ஷட்டர் (ஒளியை உள்ளே விட்டு மூடும் திரை) வேகத்தை அளவுக்கு மேல் கூட்டிவிட்டால் படத்தின் ஒரு ஓரத்தில் நேர்கோடாகக் கறுப்புப் பட்டை வரும். ஹூட்டின் நிழலோ வளைவாக, ஒரே ஒரு பக்கத்தில், பிளாஷ் எரிந்த படங்களில் மட்டும் வரும்.

படம் எடுக்கும்போது இந்த நிழலைக் கண்ணால் பார்க்க முடியாது. பிளாஷ் எரிவது கண்சிமிட்டும் நேரத்தைவிடக் குறைவு, அது எரியும் முன் நிழலும் இல்லை. அறையில் மின்குமிழ்கள் பிரகாசமாக எரிந்து, ஷட்டரும் மெதுவாக இருந்தால், அந்த வெளிச்சமே நிழலை ஓரளவு நிரப்பிவிடும். அதனால் ஒரு வீட்டில் தெரியாத நிழல் இன்னொரு வீட்டில் அடர்த்தியாகத் தெரியும். நல்லூர்த் திருவிழாக் காலத்தில், இரவில், கச்சான் கடைக்கு முன்னால் பிள்ளைகளை நிறுத்தி எடுத்த படத்தில் நிழல் இல்லையே என்று நினைக்கலாம். கடைகளின் விளக்கு வெளிச்சம் தரையை நிரப்பியிருக்கும். அதே ஹூட்டோடு வீட்டுக்கு வந்து இருண்ட விறாந்தையில் எடுத்தால் நிழல் வந்துவிடும்.

உங்கள் கமராவின் நிலையை அறிய ஒரு வெள்ளைச் சுவர் போதும். மாலையில் விளக்கை அணைத்துவிட்டு, ஒரு மீற்றர் தூரத்தில் நின்று, 18இல் தொடங்கி ஒவ்வொரு சூம் அளவிலும் ஹூட்டோடு ஒன்று, ஹூட் இல்லாமல் ஒன்று என எடுத்துப் பாருங்கள். பிறகு இரண்டு மீற்றருக்குப் போய் அதையே செய்யுங்கள். எந்த இடத்தில் நிழல் மறைகிறது என்று தெரிந்துவிட்டால் இனி எந்த வீட்டிலும் திணற வேண்டியதில்லை. புதிய லென்ஸ் வாங்கும்போதெல்லாம் இதைச் செய்வது நல்லது. பெரிய, கனமான லென்ஸ்கள் ஹூட் இல்லாமலே நிழல் வீசும். நிக்கோனின் பல கையேடுகளில், எந்த லென்ஸை எந்தத் தூரத்துக்குக் கிட்டப் பிளாஷோடு பயன்படுத்தக் கூடாது என்று அட்டவணையே இருக்கிறது.

என்ன செய்யலாம்

பிளாஷ் எழும்பினால் ஹூட்டைக் கழற்றுங்கள். கெனனின் கையேடும் நிக்கோனின் கையேடும் இதையே சொல்கின்றன. கெனன் குறைந்தது ஒரு மீற்றர் தள்ளி நிற்கச் சொல்கிறது, நிக்கோன் 0.6 மீற்றரைக் குறைந்த தூரமாகக் குறிக்கிறது. சோம்பலில் சிலர் ஹூட்டைக் கழற்றித் தலைகீழாகத் திருப்பி லென்ஸின் மேலேயே பூட்டிவிடுகிறார்கள். அது பையில் வைத்துக் கொண்டுபோவதற்கான முறை. அப்படித் திருப்பினால் நீளம் குறைந்தாலும் லென்ஸின் பருமன் கூடுகிறது. கிட்ட நின்று எடுத்தால் அந்தப் பருமனே நிழல் வீசும். காற்சட்டைப் பைக்குள் போடுவது மேல்.

பின்னுக்குப் போய், கொஞ்சம் சூம் செய்து எடுப்பது அடுத்த வழி. முகமும் இதில் இயல்பாக விழும். ஆனால் இந்தச் சிறிய பிளாஷுக்கு எட்டும் தூரம் குறைவு. 1500டியின் பிளாஷ் வலு, ஐ.எஸ்.ஓ. (கமராவின் ஒளியுணர்வு அளவு) 100இல் ஏறத்தாழ 9. அந்த எண்ணை அபேச்சர் எண்ணால் (லென்ஸின் திறப்பைக் காட்டும் எஃப் எண்; எண் கூடினால் திறப்பு சிறிதாகும்) வகுத்தால் எட்டும் தூரம் மீற்றரில் கிடைக்கும். எஃப் 4 என்றால் இரண்டேகால் மீற்றர். ஐ.எஸ்.ஓ.வை 400க்கு உயர்த்தினால் அது இரட்டித்து நாலரை மீற்றராகும். சூம் செய்யச் செய்ய இந்த லென்ஸின் அபேச்சரும் சுருங்கி 5.6க்குப் போய்விடும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். நாற்சார் வீட்டு முற்றத்தின் ஒரு கரையில் நின்று மறுகரையில் இருப்பவர்களை ஐ.எஸ்.ஓ. 100இல் எடுத்தால் நிழல் போகும், அதோடு வெளிச்சமும் போகும். ஐ.எஸ்.ஓ.வைக் கூட்டத் தயங்க வேண்டாம்.

பலகாரத் தட்டுகளைப் படம் எடுப்பதுதான் மிகக் கடினம். மேசையில் பயற்றம் பணியாரமும் சீனி அரியதரமும் அடுக்கியிருக்கின்றன, அழகாக இருக்கின்றன, நாமும் குனிந்து முழங்கை தூரத்தில் இருந்து எடுக்கிறோம். முன்பு பார்த்த கணக்கின்படி, 40 சென்ரிமீற்றர் தூரத்தில், 18 மில்லிமீற்றரில், ஹூட் இல்லாத லென்ஸே படத்தின் அடியைத் தொட்டுவிடும். இந்த இடத்தில் பிளாஷை மடித்து வைத்துவிடுங்கள். யன்னல் பக்கமாகத் தட்டை நகர்த்தி, கமராவை மேசையில் ஊன்றிப் பிடித்து எடுங்கள். உணவின் மேற்பரப்பும் சீனியின் மினுக்கமும் பக்கவாட்டு வெளிச்சத்தில்தான் தெரியும்; நேர்ப்பிளாஷ் அவற்றைத் தட்டையாக்கிவிடும்.

கணினியில் திருத்திக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவதை நான் ஏற்கவில்லை. இருண்ட பகுதியை வெளிச்சமாக்கினால் மணல் தூவியது போல இரைச்சல் வரும், நிறமும் மாறும். அடியை வெட்டினால் கால்கள் போகும், நிலத்தில் அமர்ந்திருக்கும் பாட்டியின் மடி போகும். திரும்ப எடுக்க முடியாத சடங்குகளில் ஒரு விநாடி செலவழித்து ஹூட்டைக் கழற்றுவது எவ்வளவோ மேல்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நிக்கோனின் பல கமராக்களில் இருட்டில் குவியம் (ஃபோகஸ்) பிடிக்க உதவும் சிறு விளக்கு ஒன்று லென்ஸுக்குப் பக்கத்தில் முன்முகத்தில் இருக்கிறது. பெரிய ஹூட் அதையும் மறைக்கும். கமரா குவியம் பிடிக்காமல் முன்னும் பின்னும் அலைந்தால் அதற்கும் ஹூட் காரணமாக இருக்கலாம்.

அடிக்கடி விழாக்களில் எடுப்பவர் என்றால் கமராவின் மேலே பூட்டும் தனிப் பிளாஷ் ஒன்றை வாங்குவது நல்லது. அதன் தலை உயரத்தில் இருப்பதால் ஹூட்டைத் தாண்டி ஒளி இறங்கும். தலையை மேலே திருப்பிக் கூரையில் தெறிக்க விட்டால் நிழலும் மென்மையாகும். ஆனால் நம் வீடுகளில் இதற்கும் ஒரு தடை உண்டு. சீலிங் அடிக்காத ஓட்டுக் கூரை ஒளியை விழுங்கிவிடும். திரும்பி வரும் கொஞ்சமும் செம்மை படிந்து வரும். பந்தலில் மேலே கட்டியிருக்கும் நிறத்துணியும் தன் நிறத்தை முகங்களில் ஏற்றும். அங்கெல்லாம் பக்கத்தில் உள்ள வெள்ளைச் சுவரில் தெறிக்க விடுங்கள்.

பகலில் பிளாஷ் போடும்போது

பண்ணைக் கடற்கரையில் மாலைச் சூரியனுக்கு முதுகு காட்டி நிற்பவரை எடுத்தால் முகம் கறுத்துவிடும். அப்போது பிளாஷ் தேவை. சூரியனே படத்துக்குள் இருப்பதால் ஹூட்டால் அதை மறிக்க முடியாது. படத்துக்கு வெளியே உள்ள வெளிச்சத்தைத்தான் ஹூட் தடுக்கும். எனவே கழற்றுவதால் அங்கே எதையும் இழக்கப்போவதில்லை.

காரைநகர் கசூரினாக் கடற்கரையில் நண்பகலில் நிலைமை வேறு. வெயில் கடுமையாக இருக்கும்போது 1/200 விநாடி ஷட்டர் வேகத்துக்கும் ஏறக்குறைய எஃப் 11க்கும் போக வேண்டியிருக்கும்; அந்த அபேச்சரில் இச்சிறு பிளாஷ் ஒரு மீற்றர்கூட முழு வலுவோடு எட்டாது. கிட்டப் போனால்தான் முகத்துக்கு ஒளி கிடைக்கும், கிட்டப் போனால் ஹூட்டின் நிழலும் பெரிதாகும். வெயில் படும் மணலில் அந்த நிழல் தெரியாது. ஆனால் வெயிலுக்கு முதுகு காட்டி நிற்பவரின் முகத்துக்கு ஒளி விழுந்து, மார்புக்குக் கீழே விழாமல் போவது நன்றாகத் தெரியும். ஹூட்டைக் கழற்றினால் பக்கத்து வெயில் லென்ஸில் விழுகிறதே என்றால், இடது உள்ளங்கையை வெயில் வரும் பக்கத்தில், லென்ஸின் ஓரமாக, படத்துக்குள் வராமல் பிடியுங்கள். முன்கண்ணாடியில் கையின் நிழல் விழுந்தால் போதும். பிளாஷின் வழி மேலே திறந்தே இருக்கும். சூரியன் உச்சியில் நின்றால் கை பிளாஷுக்குக் குறுக்கே வந்துவிடும். அப்போது கூட வந்தவர் ஒருவரைப் பக்கத்தில் குடை பிடித்து நிற்கச் சொல்லுங்கள். குடையின் நிழல் கமராவின் மேல் விழ வேண்டும், விளிம்பு பிளாஷுக்கு முன்னால் நீளக் கூடாது.